எப்போதேனும் வேலை, எந்நாளும் வாடகை

புக்கிட் மேராவில், ஹெண்டர்சன் சாலைப் பக்கமோ ரெட்ஹில் ரயில் நிலையத்தின் பக்கமோ, வீவக வீட்டின் ஒரு மூலையில் மேஜை போட்டுக்கொண்டு, பகலில் வேறோர் உத்தியோகம் பார்த்துவிட்டு, இரவிலும் வாரக் கடைசியிலும் அழைப்பிதழ், விழா மலர், துண்டுப் பிரசுரம் என்று வடிவமைத்துக் கொடுப்பவர்களை உத்தேசித்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவருக்கு மென்பொருளின் விலை பெரிய பிரச்சினை ஆகாது. மாதம் முழுவதும் வேலை இருந்தால் மாதக் கட்டணமும் அந்த வேலையிலேயே கரைந்துபோகும். வருஷத்தில் நான்கைந்து மாதங்கள் மட்டுமே கையில் வேலை இருக்க, மற்ற மாதங்களில் கணினியைத் திறவாமலே கட்டணம் செலுத்திக்கொண்டிருப்பவருடைய சங்கடம்தான் இங்கே நமக்கு விஷயம்.

சிங்கப்பூரில் தமிழ் வடிவமைப்பு வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நடைபெறும் தமிழ்மொழி விழாவுக்காகப் பல அமைப்புகளும் மன்றங்களும் பிப்ரவரி பிற்பகுதியிலேயே பதாகை, நிகழ்ச்சிநிரல், நூல் அட்டை என்று தேடி வரத் தொடங்கும். அது முடிந்தபின் சில மாதம் அமைதி. பிறகு ஆகஸ்ட் முடிந்து தீபாவளி நெருங்குகையில் சிராங்கூன் சாலைக் கடைக்காரர்களின் விளம்பரத் தாள்களும் வாழ்த்து அட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும். இடையிடையே ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு கோயிலின் குடமுழுக்கு மலர் என்று எதிர்பாராத வேலையும் வரும். ஆகையால், எந்த மென்பொருள் நல்லது, எது மலிவு என்ற விசாரணையில் இறங்குமுன், சென்ற வருஷத்து ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை மாதங்களில் காசு தரும் வேலைக்காக மென்பொருளைத் திறந்தோம் என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். அந்த ஓர் எண் தெரியாதவரை மற்ற எந்தக் கணக்கும் பிரயோஜனப்படாது.

முற்காலத்தில் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. அடோபி நிறுவனத்தின் மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால், கணினி உழைக்கும் காலமட்டும் அது நம்முடையதாகவே இருந்தது. 2012ஆம் ஆண்டு வெளிவந்த கிரியேட்டிவ் சூட் 6 என்ற தொகுதியே அவ்வாறு விற்கப்பட்ட கடைசித் தொகுதி. அதில் பக்க அமைப்புக்கான இன்டிசைன் தனியாக 699 அமெரிக்க டாலருக்கு விற்றது. மறு ஆண்டு மே மாதத்தில், இனி வரும் புதிய பதிப்புகளெல்லாம் சந்தா செலுத்துவோர்க்கு மாத்திரமே என்று அந்த நிறுவனம் அறிவித்தபோது, உலகெங்கும் வடிவமைப்பாளர்களிடையே எழுந்த அதிருப்தி இன்றுவரை முற்றிலும் அடங்கவில்லை. சொந்தமாக இருந்த வீட்டை வாடகை வீடாக்கிவிட்டார்கள் என்பதே எல்லோருடைய குறையும்.

அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் எப்போதேனும் வேலை செய்பவருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை எண்களைக் கொண்டு பார்த்தபிறகே முடிவு செய்ய வேண்டும். அடோபியின் சந்தா மூன்று விதமாக விற்கப்படுகிறது: ஓராண்டுத் தொகையை முன்னதாகவே செலுத்துவது ஒன்று, ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு மாதத் தவணையாகச் செலுத்துவது இன்னொன்று, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் மாதத்துக்கு மாதம் எடுத்து, வேண்டாதபோது நிறுத்திவிடுவது மூன்றாவது. அமெரிக்க விலையில், இன்டிசைன் போன்ற தனி மென்பொருள் ஒன்றுக்கு இரண்டாம் விதத்தில் மாதம் 22.99 டாலர், மூன்றாம் விதத்தில் 34.49 டாலர். பின்னது முன்னதைப்போல் ஒன்றரை மடங்கு என்று கண்டவுடன் யாரும் குறைந்த தொகையையே தேர்ந்தெடுக்கத் தூண்டப்படுவார்கள். ஆனால் பன்னிரண்டு மாதம் 22.99 டாலர் கட்டினால் ஆகும் 275.88 டாலர், எட்டு மாதம் 34.49 டாலர் கட்டினால் ஆகும் தொகையை ஏறக்குறைய ஒத்திருக்கிறது. அதாவது, வருஷத்தில் எட்டு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு, பார்வைக்கு அதிகமாகத் தோன்றும் மாதச் சந்தாவே லாபம். சிங்கப்பூர் விலையும் அவ்வப்போது மாறும் விலைகளும் வேறாக இருக்கலாம். நீங்கள் சந்தா எடுக்கும் நாளில் திரையில் காணும் இரண்டு தொகைகளை வைத்து இதே வகுத்தலைச் செய்து பார்த்தால் போதும்.

நான்கு மாதம் மட்டும் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் வருஷத்துக்குச் செலுத்துவது 137.96 டாலர், ஐந்து வருஷத்துக்கு 689.80 டாலர். பழைய நாளில் ஒரே தடவையாகக் கொடுத்து வாங்கிய 699 டாலரை அது இன்னும் எட்டவில்லை. அந்த ஐந்து வருஷமும் புதிய பதிப்பு அவர் கையில் இருக்கிறது. வாடகை முறையினால் பாதிக்கப்பட்டவர் எப்போதேனும் வேலை செய்பவர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது என் அபிப்பிராயத்தில் பாதிதான் உண்மை. ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்ட எப்போதேனும் வேலைக்காரரே உண்மையில் பாதிக்கப்பட்டவர்.

அந்த இரண்டாம் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் பணம் எடுக்கப்படுவதால் அதை மாதச் சந்தா என்றே பலரும் நம்பிவிடுகிறார்கள். தீபாவளி வேலை முடிந்ததும் நிறுத்தப் போனால், முதல் பதினான்கு நாட்கள் கடந்துவிட்டிருக்கும் பட்சத்தில், எஞ்சிய மாதங்களுக்குரிய தொகையில் பாதியைக் கட்டிவிட்டே வெளியேற முடியும் என்ற நிபந்தனை அப்போதுதான் கண்ணில் படுகிறது. இந்த நிபந்தனையைத் தெளிவாகக் காட்டாமல் மறைத்ததாகக் குற்றஞ்சாட்டி, அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் 2024 ஜூன் மாதம் அந்த நிறுவனத்தின்மேல் வழக்கே தொடரப்பட்டது. ஆகவே, மாதச் சந்தா எடுக்கும் தினத்தன்றே, அது தானாகப் புதுப்பிக்கப்படும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைத்தொலைபேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுங்கள். நிறுத்திய பின்னும் கட்டணம் செலுத்திய மாதம் முடியும் வரை மென்பொருள் இயங்கும். அதனால் முன்கூட்டி நிறுத்துவதில் நஷ்டம் ஏதுமில்லை.

விலையோடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையத்தின் வழி விற்கப்படும் சேவைகளுக்கும் 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் இந்த வரி உண்டு. 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. ஆண்டு வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய வியாபாரிகளே இவ்வரிக்குக் கட்டாயம் பதிந்துகொள்ள வேண்டியவர்கள் என்பதால், பதிவு செய்துகொள்ளாத நம் போன்றோருக்கு அதைத் திரும்பப் பெறும் வழியில்லை.

இனி, வாடகை முறையின் மெய்யான தீமைக்கு வருவோம். அது பணத்தில் இல்லை. சந்தா முடிந்த மறுநாள், நீங்களே இரவு பகலாக உழைத்து உருவாக்கிய கோப்பை நீங்களே திறக்க முடியாது என்பதுதான் அது. சென்ற வருஷத்து மலரில் தலைவர் பெயரை மட்டும் மாற்றித் தரும்படி ஒருவர் ஜூன் மாதம் கேட்டால், அந்த ஒரு பெயருக்காக ஒரு மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். இதற்குப் பரிகாரம், சந்தாவை நிறுத்துமுன் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு வேலையையும் மூன்று வடிவங்களில் சேமித்து வைப்பதே. இன்டிசைன் கோப்பை ஐடிஎம்எல் வடிவில் ஒரு பிரதி எடுத்தால், அதை மாற்று மென்பொருள்களான அஃபினிட்டியும் ஸ்கிரிபஸும் ஓரளவுக்குத் திறந்துகொள்ளும். இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த சின்னங்களை எஸ்விஜி வடிவில் வைத்தால் எங்கும் திருத்தலாம். அச்சுக்கு அனுப்பிய பிடிஎஃப்பையும் அதே அடைவில் போட்டு வைக்க வேண்டும். நிறுவனத்தின் மேகச் சேமிப்பில் மட்டும் வைத்திருப்பவர் அவற்றையும் தம் கணினிக்கு இறக்கிக்கொள்வது நல்லது. சந்தாவோடு கிடைக்கும் எழுத்துருக்களும் சந்தாவோடு போய்விடும் என்பதை நினைவில் வைத்து, தமிழ் எழுத்துருவைப் பொறுத்தவரை, எவரும் இலவசமாக உபயோகிக்கும் உரிமையோடு வெளிவந்துள்ள நோட்டோ தமிழ், கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றையே ஆதியிலிருந்து கையாண்டால் இந்தத் தொல்லை வராது.

விலைக்கு வாங்கிய மென்பொருள் சிரஞ்சீவி என்று எண்ணுவோரும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட கேட்டலினா என்ற இயங்குதளத்தில் 32 பிட் மென்பொருள்கள் இயங்கா என்று ஆனபோது, கிரியேட்டிவ் சூட் 6 வைத்திருந்த பலர், ஒன்று பழைய கணினியோடு நின்றுவிடவும் அல்லது புதிதாகச் சந்தா செலுத்தவும் நிர்ப்பந்திக்கப்பட்டார்கள்.

நம்மவர்க்கு இதைவிட முக்கியமானது தமிழ் எழுத்தைப் பற்றிய விஷயம். இதைப் பொதுவான வழிகாட்டி நூல்கள் எவையும் சொல்வதில்லை. கணினித் தமிழில் சிங்கப்பூர் பின்தங்கிய ஊர் அன்று. எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையப் பக்கத்தில் தமிழையும் இடம்பெறச் செய்தவர். 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர். அப்படியிருந்தும், யூனிகோட் வருமுன் ஆளுக்கொரு குறியீடாக எழுத்துருக்கள் பெருகியிருந்த காலத்தின் சுமை இன்னும் நம் தோளில் இருக்கிறது. பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரையும் அதற்கேற்ற பழைய எழுத்துருவையும் விடாமல் பற்றிக்கொண்டிருப்போர் பலர் அதைச் சிக்கனத்துக்காகச் செய்யவில்லை. யூனிகோட் தமிழைப் புதிய மென்பொருளில் ஒட்டிப் பார்த்தபோது கொம்பும் காலும் இடம் மாறி நின்றதைக் கண்டு பயந்தே செய்தார்கள்.

அந்தப் பயம் இப்போது பெரும்பாலும் அநாவசியம். இன்டிசைனில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான வசதி கிரியேட்டிவ் சூட் 6 காலத்திலேயே வந்துவிட்டது. பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் ஒழுங்காக அமரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் எழுத்து சம்பந்தமான விருப்பத்தேர்வுகளில் அதுபோன்ற ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. இதை அறியாமல் மென்பொருளையே பழித்து, படமாக எழுத்தை ஒட்டி வேலை முடிப்பவர்களைப் பார்க்கையில் பரிதாபமாக இருக்கிறது. எந்த மென்பொருளானாலும், விலை கொடுக்குமுன் சோதனைக் காலத்திலேயே ‘கொடுக்கோம், கௌரவம், பக்ஷி, ஸ்ரீ’ என்று நான்கு சொற்களைத் தட்டிப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் ஒன்று இடையில் தலைகாட்டினாலோ, அது எவ்வளவு அழகிய மென்பொருளானாலும் தமிழ் வேலைக்கு உதவாது. பிறகு அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கித் திறந்தும் பாருங்கள். திரையில் சரியாக இருந்து பிடிஎஃப்பில் சிதைவதும் உண்டு.

இந்தச் சோதனையில் இலவச மென்பொருள்கள் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே தேறுகின்றன. சின்னமும் சுவரொட்டியும் வரைய இங்க்ஸ்கேப் போதும். தமிழ் எழுத்தைப் பல்லாண்டுகளாகவே அது முறையாகக் காட்டி வருகிறது. புகைப்படத் திருத்தத்துக்கு 2025 மார்ச்சில் 3.0 பதிப்பாக வெளிவந்த கிம்ப் இருக்கிறது. விழா மலர் போன்ற பல பக்க வேலைக்கு ஸ்கிரிபஸ். 2024 ஜனவரியில் வந்த அதன் 1.6 பதிப்பிலிருந்துதான் தமிழ் போன்ற எழுத்துமுறைகளை நிலையான பதிப்பிலேயே கையாள முடிகிறது என்பதால், முன்பு ஒருமுறை பார்த்துக் கைவிட்டவர்கள் மறுபடி ஒருமுறை பார்க்கலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்து, ஒருமுறை விலைக்கே விற்றுப் பெயரெடுத்த அஃபினிட்டியை 2024இல் கான்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில் அதன் மூன்று மென்பொருள்களையும் ஒன்றாக்கி, கான்வா கணக்கு உள்ள எவருக்கும் இலவசம் என்று அறிவித்தது. வேலைத் தரத்தில் இன்டிசைனுக்கும் இல்லஸ்ட்ரேட்டருக்கும் மிக அருகில் நிற்பது அதுவே. தமிழைப் பொறுத்தமட்டில், மேற்சொன்ன நான்கு சொற்களை அதில் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்று இலவசமாகத் தருபவர் என்றைக்கும் அப்படியே தருவார் என்று நம்பி எல்லாக் கோப்பையும் ஒரே வடிவத்தில் பூட்டி வைப்பதும் விவேகமாகாது.

‘அச்சகத்தார் ஏற்பார்களா?’ என்பது அடுத்து எழும் சந்தேகம். சன்ஷைன் பிளாசாவின் அச்சுக் கடைகளுக்கோ, குயின்ஸ்வே கடைத்தொகுதியில் சட்டைகளில் அச்சிடுவோரிடமோ போய் நின்றால், அவர்கள் கேட்பது முறையான பிடிஎஃப். ஓரங்களில் வெட்டுக்கு விட்ட 3 மில்லிமீட்டர். எழுத்துருக்கள் உள்ளடக்கப்பட்டோ கோடுகளாக மாற்றப்பட்டோ இருத்தல். நான்கு வர்ண முறை. எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்று அவர்கள் விசாரிப்பது அபூர்வம். இதில் வர்ணம் ஒன்றுதான் இலவச மென்பொருளின் பலவீனம்: இங்க்ஸ்கேப் திரை வர்ணத்திலேயே வேலை செய்வதால், திரையில் ஜொலித்த குங்குமச் சிவப்பு தாளில் மங்கிப்போகலாம். அதை ஸ்கிரிபஸுக்குக் கொண்டுவந்து அங்கே நான்கு வர்ணமாக மாற்றி, ஒரு பிரதி மட்டும் அச்சிட்டுப் பார்த்தபின் மொத்தத்தையும் கொடுப்பது உத்தமம்.

புது வீடுகளுக்கு உள்ளலங்காரத் திட்டம் வரைந்து கொடுப்பவர்களின் நிலை சற்று வேறு. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. ஆயினும் ஃபிளெக்ஸ் என்ற பெயரில் நாள் கணக்கில் ஆட்டோகேட் உபயோகிக்கும் வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. நாளொன்றுக்கு 7 டோக்கன் செலவாகும். குறைந்தது 100 டோக்கன் வாங்க வேண்டும். ஓராண்டுக்குள் செலவழித்துவிட வேண்டும். பதினான்கு நாள் வேலைக்கு அது போதும். அந்நிறுவனம் மாணவர்க்கு இலவசமாகத் தரும் உரிமத்தைக் கொண்டு காசு வாங்கும் வேலையைச் செய்வது ஒப்பந்த விரோதம்.

உரிமம் பெறாத பிரதியைப் பற்றிப் பேசாமல் விட்டால் அத்தியாயம் பூர்த்தியாகாது. வியாபார லாபத்துக்காக அத்தகைய மென்பொருளை வேண்டுமென்றே உபயோகிப்பது 2005 முதல் சிங்கப்பூரில் குற்றவியல் குற்றம். மறு ஆண்டே ஓர் உள்ளலங்கார நிறுவனத்துக்கு 30,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சாதவர்கூட, சிங்பாஸும் வங்கிக் கணக்கும் திறக்கும் அதே கணினியில், முகம் தெரியாத ஒருவன் பூட்டை உடைத்துக் கொடுத்த மென்பொருளை ஏற்றுவதை யோசிக்க வேண்டும். அலுவலகத்தார் கொடுத்த மடிக்கணினியில் அலுவலகத்து உரிமத்தைக் கொண்டு இரவில் சொந்த வேலை செய்வதும் பலர் சர்வசாதாரணமாகச் செய்யும் காரியம். அது உரிமத்துக்கும் உத்தியோக ஒப்பந்தத்துக்கும் ஒருங்கே மாறானதாக இருக்கக்கூடும்.

ஆக, நான் சிபாரிசு செய்வது இதுவே: சிறு வேலைகளையெல்லாம் இலவச மென்பொருளில் செய்து பழகுங்கள், பெரிய வேலை வரும் மாதத்தில் மட்டும், அல்லது வாடிக்கையாளரே இன்டிசைன் கோப்பு வேண்டுமென்று கேட்கும் சமயத்தில் மட்டும், ஒரு மாதச் சந்தா எடுங்கள், அந்த ஒரு மாதத்தில் முடியக்கூடிய வேறு வேலைகளையும் அதற்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கட்டணத்தை விலைப்புள்ளியில் தனி வரியாகவே எழுதிக் காட்டுங்கள். கோயில் வேலை, தெரிந்தவர் வேலை என்று கூச்சப்பட்டு அந்த வரியை விட்டுவிடுவோர் நம்மில் அதிகம். உழைப்பை இனாமாகக் கொடுப்பது உங்கள் இஷ்டம். மென்பொருள் கட்டணத்தையும் கையிலிருந்து கொடுக்கும் கடமை உங்களுக்கில்லை. கேட்டால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிப் புதிய மென்பொருளைப் பழகுவதற்கான பயிற்சிக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உண்டு. 25 வயதை அடைந்த சிங்கப்பூரர்கள் அதை அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்குச் செலவிடலாம். மென்பொருள் சந்தாவுக்கு அது செல்லாது.

கடைசியாக, ரசீதுகள். உங்கள் அடையாள அட்டையிலுள்ள முழுப் பெயரிலேயே வேலை செய்தால் வியாபாரப் பதிவு தேவைப்படாது. ஆனால் வருமான வரிக் கடமை அதனால் நீங்கிவிடாது. வருமானம் ஈட்டுவதற்காகவே முழுமையாகச் செய்யப்பட்ட செலவு என்ற முறையில் மென்பொருள் சந்தாவை அந்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள உள்நாட்டு வருவாய் ஆணையம் அனுமதிக்கிறது. சொந்த உபயோகமும் கலந்திருந்தால் அந்தப் பங்கை நீக்கிவிட வேண்டும். செலவு போக மிஞ்சிய நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்குக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், கழிக்கத்தக்க ஒவ்வொரு வெள்ளியையும் கணக்கில் கொண்டுவருவது நல்லது. சந்தா ரசீதுகள் மின்னஞ்சலில் வருவன. வந்த அன்றே ஓர் அடைவில் சேர்த்து, ஐந்தாண்டுகள் வைத்திருங்கள். மின்வழியே வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. தமிழ்மொழி விழாவின் வேலைகள் தலைக்குமேல் இருக்கும் மாதமும் அதுவே என்பதால், கணக்கை மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.